பாதி பாட்டில் தண்ணீர்

ஸ்டேட்டர் வைண்டிங் பகுதியில் வேலை பார்த்த அந்த அக்கா, காலை எட்டரை மணி ஷிப்டுக்கு வரும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருவார். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது அதில் பாதி அப்படியே இருக்கும். ஏப்ரல் மாதம். தலைக்கு மேலே தகரக் கூரை. பக்கத்துச் சுவரை ஒட்டி வார்னிஷ் ஓவன். அங்கே நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்த நான் மணிக்கு ஒரு தரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்கக்கா, தண்ணியே குடிக்கறதில்லையா?” என்று கேட்டேன்.

“குடிச்சாப் போகோணுமில்லீங் சார். போயிட்டு வர்றதுக்குள்ள அரைக் காயில் போட்டிருவேன்” என்றார். பேசும்போதும் கை நிற்கவில்லை.

கோவைக்குக் கிழக்கே, அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு பம்ப்செட் ஆலை அது. புது ஷெட் கட்டப் போகிறோம், வைண்டிங், அசெம்பிளி, டெஸ்டிங், பேக்கிங் எல்லாவற்றையும் விரயத்தைக் குறைக்கும் லீன் முறைப்படி அடுக்கித் தர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று வாரமாக ஸ்டாப்வாட்சும் அளவு டேப்புமாக அங்கேயே கிடந்தேன். யார் எங்கே எத்தனை அடி நடக்கிறார்கள் என்று தாளில் கோடு போட்டு வைத்திருந்தேன். இடியாப்பச் சிக்கல் மாதிரி இருக்கும் அந்தப் படத்தை எங்கள் தொழிலில் ஸ்பகெட்டி டயகிராம் என்போம். அன்று சாயங்காலம் அதை எடுத்து விரித்துப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் ஷெட்டின் கதவோடு நின்றிருந்தன. கதவுக்கு வெளியே, ஃபவுண்டரியைத் தாண்டி, லாரிகள் திரும்புகிற முற்றத்தைக் கடந்து பெண்கள் கழிப்பறை இருந்தது. டேப் பிடித்து அளந்தேன். போக மட்டும் 170 மீட்டர்.

ஆலைகளுக்கு லேஅவுட் போட்டுத் தருவது இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என் தொழில். அந்த 170 மீட்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லிக்கொடுக்கவில்லை.

*

1998ல் நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாக ஆலையில் டிரெய்னி. சென்னையைச் சுற்றிக் கார் ஆலைகள் வந்திறங்கிய காலம் அது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது அந்த வருடம்தான். பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றதும் அதே வருடம். இந்திய நிறுவனம் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை. பெரிய ஆலைகளுக்குச் சாமான் செய்து கொடுத்த எங்களைப் போன்ற சின்ன ஆலைகளிலும் கைசன், கான்பன், ஐந்து எஸ் என்ற ஜப்பானிய ஆலைச் சொற்கள் புழங்க ஆரம்பித்தன.

எங்கள் மேனேஜர் ஏழு விரயங்களை மனப்பாடமாகச் சொல்ல வைத்தார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, சாமானைத் தூக்கிக்கொண்டு அலைவது, வேண்டாத வேலையைச் செய்வது, சரக்கைத் தேக்குவது, வேண்டாத உடலசைவு, பழுது. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ வகுத்த பட்டியல். இன்றைக்கும் நான் ஒரு ஆலைக்குள் நுழைந்தால் இந்த ஏழும் தானாகவே கண்ணில் படும். பட்டியலில் குறையில்லை. அதை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகாரியின் கண்ணால் பார்த்தால் வியர்வை துடைப்பது, பக்கத்து ஆளிடம் பேசுவது, ஒரு நிமிடம் உட்காருவது எல்லாமே ‘வேண்டாத உடலசைவு’ கணக்கில் சேர்ந்துவிடும். நாங்கள் அப்படித்தான் சேர்த்தோம். நின்றுகொண்டு செய்தால் ஒருவர் இரண்டு மெஷின் பார்க்கலாம் என்று சொல்லி ஒரு பிரிவில் ஸ்டூல்களை எடுத்துவிட்டோம். ஒருவர் இரண்டு மெஷின் பார்த்ததும் உண்மை. ஆறு மாதம் கழித்து அங்கே போனபோது, காலியான பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மாற்றி மாற்றி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். வயதில் மூத்த ஒருவர் பேன்ட்டைத் தூக்கி, கெண்டைக்காலில் முறுக்கிக்கொண்டு நின்ற நரம்பைக் காட்டினார். எதுவும் சொல்லவில்லை. அந்தக் காலை இன்னும் மறக்கவில்லை.

*

பிற்பாடு டொயோட்டாவின் வரலாற்றை ஆற அமரப் படித்தபோதுதான், எங்களுக்கு வந்து சேர்ந்தது பாதிப் பாடம் என்று தெரிந்தது.

அந்தக் கதை தறியில் தொடங்குகிறது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவரான சக்கிச்சி டொயோடா 1924ல் செய்து முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். சோமனூர் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். தறி தானாக நிற்காவிட்டால், எப்போது நூல் அறுமோ என்று ஒருவர் கண்ணை எடுக்காமல் காவல் நிற்க வேண்டும். மெஷினுக்குக் காவல் நிற்பது மனிதருக்கு ஏற்ற வேலை இல்லை, தப்பு நேர்ந்தால் மெஷினே நின்று ஆளைக் கூப்பிடட்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. கார் ஆலையில் தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்ற உரிமை அந்த எண்ணத்தின் தொடர்ச்சி.

1977ல் டொயோட்டாக்காரர்கள் நான்கு பேர் தங்கள் முறையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தேவைப்படும் நேரத்தில் தேவைப்படுவதைச் செய்வது ஒன்று, மனிதரை மதிப்பது இன்னொன்று. இரண்டையும் கட்டுரையின் தலைப்பிலேயே சேர்த்து வைத்தார்கள். ‘லீன்’ என்ற பெயர் 1988ல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் கொடுத்தது. 1990ல் ஆய்வாளர்கள் எழுதிய புத்தகம் ஒன்று அதை உலகமெல்லாம் கொண்டுபோனது. மெலிந்தது என்று பொருள்படும் அந்தச் சொல்லைக் கேட்ட முதலாளிகளில் பலர், ஆளைக் குறைப்பதற்கு ஜப்பானில் கண்டுபிடித்த வழி என்று நினைத்துக்கொண்டார்கள். தலைப்பில் இருந்த இரண்டாவது பாதி வழியிலேயே உதிர்ந்துபோனது.

நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. 1990ஐ ஒட்டிய வருடங்களில் ஜப்பானில் ஆலை வேலைக்கு இளைஞர்கள் வருவது குறைந்தது. 1992ல் கியூஷு தீவில் டொயோட்டா புது ஆலை திறந்தபோது, நீண்ட ஒரே அசெம்பிளி லைனைச் சின்னச் சின்ன லைன்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே சில வண்டிகள் நிற்க இடம் விட்டார்கள். ஒரு துண்டில் ஒருவர் கயிற்றை இழுத்து நிறுத்தினால் ஆலை முழுவதும் உடனே நிற்காது. அதனால் நிறுத்துவதற்குப் பயமில்லை. எந்த வேலை உடம்பை எவ்வளவு வருத்துகிறது என்று எண்ணில் கணக்கிட்டு, அதிகம் வருத்தும் இடங்களை முதலில் மாற்றினார்கள். சரக்கைத் தேக்குவது விரயம் என்று உலகத்துக்கே பாடம் சொன்ன நிறுவனம், வேலை செய்கிறவருக்காகக் கொஞ்சம் தேக்கத்தைத் தானே வைத்தது. லீன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான்.

இன்னொன்று பெயர் பற்றியது. பாகத்தைத் தலைகீழாக மாட்ட முடியாதபடி, அதைப் பிடித்துக்கொள்ளும் ஜிக்கில் ஒரு பின் வைப்பது போன்ற ஏற்பாடுகளுக்கு ஷிகேயோ ஷிங்கோ முதலில் வைத்த பெயருக்கு ‘முட்டாள் தடுப்பு’ என்று பொருள். அந்தப் பெயரைக் கேட்டு ஒரு பெண் தொழிலாளி மனம் நொந்து அழுதுவிட்டார். உடனே ஷிங்கோ ‘கவனப் பிசகுத் தடுப்பு’ என்ற பொருள்வரும் பொக்கா-யோகே என்று பெயரை மாற்றினார். கவனம் பிசகாதவர் யாரும் இல்லை. மெஷினில் ஒரு மாற்றமும் இல்லை, சொல் மட்டும்தான் மாறியது. ஆனால் அந்த ஜிக்கோடு தினமும் வேலை செய்கிறவருக்கு அது பெரிய மாற்றம்.

*

பம்ப்செட் ஆலைக்குத் திரும்புகிறேன். அந்த அக்கா செய்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

போர்வெல்லுக்குள் இறங்குகிற ஆறு அங்குல மோட்டாரின் ஸ்டேட்டர், முழ நீளமும் அதற்கு மேலும் இருக்கும் குழாய். அதன் உள்வட்டத்தில் நெடுகிலும் ஸ்லாட்டுகள். மோட்டார் தண்ணீருக்குள்ளேயே ஓடுவதால் செம்புக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை உண்டு. அந்தக் கம்பியை ஒரு முனையில் ஸ்லாட்டுக்குள் விட்டு, மறுமுனையில் பிடித்து இழுத்து, வேறொரு ஸ்லாட் வழியே திருப்பி, மறுபடி இழுத்து, கையாலேயே கோத்துக்கொண்டு போக வேண்டும். பூக் கட்டுவதைப் போல விரல் வேலை, கிணற்றில் நீர் இறைப்பதைப் போலத் தோள் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில், நாள் முழுக்க. உறை எங்காவது கீறினால் டெஸ்டிங்கில் மோட்டார் திரும்பி வந்துவிடும். அதனால் கண்ணுக்கும் ஓய்வில்லை.

அக்காவின் இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் காட்டன் டேப் சுற்றியிருக்கும். கம்பி ஸ்பூல் அவருக்கு வலப்பக்கம் பின்னால், தரையில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தது. பேரிங் இல்லை. ஒவ்வோர் இழுப்புக்கும் இடுப்பைத் திருப்பிக் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஸ்பூல் சிக்கினால் வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஸ்டேட்டரைத் தாங்கிய ஸ்டாண்டை வெல்டிங் செய்தவர் ஆறடி உயரக்காரராக இருந்திருக்க வேண்டும். அக்காவின் முழங்கை தோள் மட்டத்துக்குத் தூக்கியே இருந்தது. அந்தப் பகுதியில் மதியத்துக்கு மேல் எப்போதும் தைல வாசனை அடிக்கும். காரணம் இதுதான்.

உயரம் என்பது எங்கள் தொழிலில் முதல் கணக்கு. நம் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். நிற்கும்போது முழங்கை தரையிலிருந்து 95 சென்டிமீட்டரை ஒட்டி வரும். லேசான அசெம்பிளி வேலைக்கு மேசை முழங்கைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். பலம் கொடுத்து அழுத்தும் வேலைக்கு இன்னும் கீழே. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நுணுக்க வேலைக்கு முழங்கைக்கு மேலே. அப்படியானால் நம் பெண்களுக்கான அசெம்பிளி மேசை 85 முதல் 90 சென்டிமீட்டர். ஐரோப்பியக் கேட்லாக்கைப் பார்த்து வாங்கிய மேசையில் இவர்கள் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடி நிற்பார்கள். அதே மேசையில் அடுத்த ஷிப்டில் ஆண்கள் வேலை செய்தால் கணக்கு மறுபடியும் மாறும். உயரத்தை ஏற்றி இறக்கும் கால்கள் வேண்டும். அதற்குப் பணமில்லை என்றால் மேசையை உயரமானவருக்கு அமைத்து, மற்றவர்களுக்குக் காலடியில் அகலமான மிதிபலகை போட வேண்டும். அடிக்கடி எடுக்கிற பாகங்கள் மேல்கையை அசைக்காமல், முன்கையை நீட்டினால் எட்டுகிற அரைவட்டத்துக்குள் இருக்க வேண்டும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. டேப் எடுத்து ஆளை அளந்தால் போதும். நாங்கள் எப்போதும் மெஷினைத்தான் அளந்துகொண்டிருந்தோம்.

*

வரைபடத்தை நிறுத்திவிட்டு, பழைய டிஸ்பாட்ச் ஷெட்டில் ஒரு வாரம் இடம் கேட்டேன். பேக்கிங்கிலிருந்து கழித்துப்போட்ட அட்டைப் பெட்டிகள், பிரவுன் டேப், நான்கு கத்தி, சணல் கயிறு. புது லைனை இரும்பில் செய்வதற்கு முன் அட்டையில் நிஜ அளவுக்குக் கட்டிப் பார்ப்பது ஜப்பானிய ஆலைகளில் வழக்கம். வைண்டிங்கிலிருந்து நான்கு பெண்கள், அசெம்பிளியிலிருந்து ஐந்து பேர், மெயின்டனன்ஸ் பிட்டர் ஒருவர். ஒரு வாரம் இவர்களுக்கு உற்பத்தி வேலை கிடையாது, முழுச் சம்பளம் உண்டு. முதலாளி யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. புரொடக்ஷன் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “எல்லாம் நல்லாத்தானுங் சார் இருக்குது” என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. மறுநாள் அவரை வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அன்று பதினொரு மணி வாக்கில், அதுவரை பேசாமலிருந்த அக்கா கத்தியை எடுத்து நான் கட்டிய அட்டை மேசையின் கால்களை நான்கு விரற்கடை அறுத்தார். உட்கார்ந்து பார்த்தார். இன்னும் ஒரு விரற்கடை அறுத்தார். அதன்பிறகு அந்த வாரம் முழுவதும் நான் பேச வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

ஸ்பூல் பின்னாலிருந்து முன்பக்கம் இடது மேல்மூலைக்கு வந்தது. பிட்டர் பழைய சீலிங் ஃபேனிலிருந்து பேரிங்கைக் கழற்றி ஸ்பூலுக்குப் பொருத்தினார். ஒரு விரலால் இழுத்தால் கம்பி ஓடிவந்தது. ஸ்டேட்டர் ஸ்டாண்டு முன்னும் பின்னும் சாயும்படி ஆனது. முதுகு சாய்கிற நாற்காலியும் கால் வைக்க ஒரு கட்டையும் வந்தன. பழைய இடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு காலத்தில் அப்படிப் போட்ட வரிசை. இவர்கள் அட்டை மேசைகளை எதிரெதிராகத் திருப்பிப் போட்டார்கள். பேசுவதற்காகவா என்று கேட்டேன். “பேசறது ஒருபக்கமிருக்கட்டுங் சார். புதுசா வர்ற புள்ளைக எங்க கையைப் பார்த்தாத்தானே கத்துக்கும்? முதுகைப் பார்த்து என்னத்தக் கத்துக்கறது?” என்றார் இன்னொருவர். புது ஆளுக்கு வேலை பழக மாதக்கணக்கில் ஆகிறது என்று அந்த ஆலை அலுத்துக்கொண்டிருந்தது. காரணத்தை எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

அசெம்பிளியில் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். வேலைமுறைத் தாள் முழுவதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. இரண்டுமே அவர்களுக்குப் படிக்க வராது. அவர்களே பாகங்களை வரிசையாக வைத்து போனில் படமெடுத்து, எது முதலில் எது பிறகு என்று படங்களை ஒட்டினார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் அதற்குப் பிறகு எழுத்தை விட்டுவிட்டுப் படத்தையே பார்த்தார்கள்.

*

அடுத்தது நேரக் கணக்கு. எட்டரையிலிருந்து ஐந்து மணி வரை 510 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்கு இருபது. மிச்சம் 460 நிமிடம். நாளைக்கு 230 பம்ப் வேண்டும் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பம்ப் வெளியே வர வேண்டும். இந்த 120 விநாடிதான் டாக்ட். பல ஆலைகளில் ஒவ்வொருவர் கையிலும் 118 விநாடி, 119 விநாடி வேலையைக் கொடுத்து, லைன் நூற்றுக்கு நூறு சமன் ஆகிவிட்டது என்று பெருமைப்படுவார்கள். 119 விநாடி வேலை கொடுத்தால், அந்த மனிதர் மூக்கைச் சொறியக்கூட அடுத்தவருடைய நேரத்தை எடுக்க வேண்டும். ஒரு நட்டு மரை ஏறாமல் சிக்கினால் லைன் பின்வாங்கும். பின்வாங்கினால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். சத்தத்துக்குப் பயந்து அடுத்த நட்டை முறுக்காமலே அனுப்புவார்கள்.

நான் 120 விநாடிக்கு 102 விநாடி வேலைதான் வைப்பேன். நூற்றுக்கு எண்பத்தைந்து. அதோடு ஏழெட்டுப் பேருக்கு ஒரு ரிலீவர். எல்லா ஸ்டேஷனும் தெரிந்தவர். யாராவது கையைத் தூக்கினால் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டியது அவர் வேலை. டொயோட்டாவில் இதைச் செய்பவர் டீம் லீடர். நம் ஊரில் செலவைக் குறைக்க வந்தவர்கள் முதலில் எடுத்துவிடுகிற ஆளும் இவர்தான். ரிலீவர் இல்லாத லைனில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும், அல்லது அடக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாளியிடம் கழிப்பறையைப் பற்றிப் பேசியபோது இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். போக வர 340 மீட்டர், நடக்க மட்டும் ஐந்து நிமிடம். 40 பெண்கள், நாளைக்கு இரண்டு முறை. மொத்தம் 400 நிமிடம். கிட்டத்தட்ட ஓர் ஆளின் முழு நாள் வேலை. அவர் உடனே சரி என்றார். ஆனால் அந்த 400 நிமிடம் ஆலைக்கு நட்டமாகவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்கள் போகாமல் அடக்கிக்கொண்டார்கள். நட்டம் அவர்கள் சிறுநீர்த் தாரையில் கடுப்பாகவும் எரிச்சலாகவும் ஏறிக்கொண்டிருந்தது. லாபக் கணக்கு காட்டித்தான் கழிப்பறையைக் கிட்டே கொண்டுவர முடிந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தல். கணக்கு வராவிட்டாலும் அது பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

சட்டம் இதையெல்லாம் எப்போதோ சொல்லிவிட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையிடையே உட்கார இருக்கை வேண்டும் என்றது. அதே சட்டம், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்குக் காப்பகம், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் என்று வரம்பு வைத்தது. துணிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021ல் தமிழ்நாடு சட்டமாக்கியபோது ஊரே பேசியது. ஆலைத் தொழிலாளிக்கு அது 1948லேயே எழுதியாகிவிட்டது. வரம்புக்குக் கீழே எண்ணிக்கையை நிறுத்திவைக்கிற சாமர்த்தியத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஓர் ஆலையில் பெண்களின் எண்ணிக்கை வருடக்கணக்கில் ஏட்டில் முப்பதைத் தாண்டவே இல்லை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இந்த மாநிலத்தில் ஆலைக்கு வரைபடம் போடுகிறவர் காப்பகத்தையும் கழிப்பறையையும் கடைசியில் மிச்சமிருக்கிற மூலையில் போடுவது நியாயமே இல்லை.

*

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வேலை தொடங்கும் முன்பே முதலாளியிடம் எழுத்தில் வாங்கிவிடுவேன்: இந்த மாற்றத்தால் மிச்சமாகும் ஆட்களை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. வேறு லைனுக்கு மாற்றலாம், புது வேலை பழக்கலாம், ஓவர்டைமைக் குறைக்கலாம். வெளியே அனுப்பக் கூடாது.

இந்தப் பிடிவாதம் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. பல வருடங்களுக்கு முன் வேறோர் ஆலையில் தொழிலாளர்கள் தாங்களே யோசித்து ஒரு லைனை மாற்றினார்கள். பதினான்கு பேர் செய்த வேலையைப் பதினொருவர் செய்ய முடிந்தது. கைதட்டினோம், இனிப்புக் கொடுத்தோம். அடுத்த மாதம் மூன்று கான்ட்ராக்ட் ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். அதில் ஒருவர்தான் அந்த மாற்றத்துக்கான முதல் யோசனையைச் சொன்னவர். அதற்குப் பிறகு அங்கிருந்த யோசனைப் பெட்டியில் ஒரு சீட்டும் விழவில்லை. விழாது. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பவர் யாரும் இல்லை.

டொயோட்டாவும் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1950ல் பணநெருக்கடி வந்து, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து அனுப்ப நேர்ந்தது. பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. நிறுவனத்தின் தலைவர் கிச்சிரோ டொயோடா பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வேலை நிலைக்கும் என்ற உறுதியும், அதற்கு ஈடாகத் தொழிலாளர் தரும் ஒத்துழைப்பும் அந்தக் காயத்திலிருந்து வளர்ந்தவை. சாமான் வேண்டும் என்று கேட்கும் கான்பன் அட்டையை நகலெடுத்துக்கொண்டு இந்த உறுதியை விட்டுவிட்டு வந்தால் அட்டை மட்டும்தான் மிஞ்சும்.

சிறு, குறு நிறுவனங்களுக்கு லீன் முறையைக் கொண்டுபோக மத்திய அரசு 2009லிருந்தே திட்டம் வைத்திருக்கிறது. 2023ல் அதைப் புதுப்பித்தபோது, ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கும் என்றார்கள். நல்ல திட்டம். கோவையில் இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகூட இதில் சேரலாம். சேருகிற முதலாளிகளிடம் நான் கேட்டுக்கொள்வது, ஆலோசகர் கொண்டுவரும் படிவங்களோடு உங்கள் ஆட்களின் முழங்கை உயரமும், கழிப்பறைத் தூரமும், கூரைக்கு அடியில் மதியம் இரண்டு மணி வெப்பமும் சேர்ந்த ஒரு தாளையும் கேட்டு வாங்குங்கள் என்பதுதான்.

*

புது ஷெட்டில் வார்னிஷ் ஓவன் மேற்குக் கடைசிக்குப் போனது. வைண்டிங் பகுதி வடக்கு வெளிச்சம் வருகிற பக்கத்துக்கு வந்தது. கூரையின் முகட்டில் சூடான காற்று வெளியேற நீள நெடுக இடைவெளி விட்டோம். கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் வைண்டிங் பகுதியிலிருந்து 25 மீட்டருக்குள் வந்தன. போய்வரும் நேரத்தை எழுதும் நோட்டை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன், எடுத்துவிட்டார்கள். அதே ஆட்கள், அதே ஷிப்ட். நாளொன்றுக்கு வெளிவரும் ஸ்டேட்டர் கூடியது, டெஸ்டிங்கிலிருந்து திரும்பி வருவது குறைந்தது, மாதக் கடைசி ஓவர்டைம் நின்றது. மூவரை வைண்டிங்கிலிருந்து டெஸ்டிங்குக்கு மாற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். யாரும் வெளியே போகவில்லை.

திறப்பு விழா முடிந்து மூன்று மாதம் கழித்துப் போனேன். நேராக வைண்டிங் பகுதிக்கு. அக்காவின் மேசைக்கு எதிரே ஒரு புதுப் பெண், அவர் கையைப் பார்த்துப் பார்த்துக் கம்பி கோத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த பாட்டில் காலி. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

லேஅவுட் போடும் வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். கணினியில் முதல் கோடு போடும் முன், ஒரு முழு ஷிப்ட் அந்த இருக்கையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்து பாருங்கள். போகும்போது வீட்டிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். சாயங்காலம் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வரைபடத்தைத் தொடங்குங்கள்.